ரத்தப் பொருத்த நிலையம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'நவீன ரத்தப் பொருத்த நிலையம்' திறந்ததிலிருந்து ஊர் ஜோசியர்கள் ஈ ஓட்டினார்கள். கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் டவுன் பஸ்களெல்லாம் கல்யாணக் கூட்டத்தை அங்கேயே கொட்டின. 1983ஆம் வருஷம். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதல்லவா!

நான் அறிவியல் வாத்தியார். மகள் வள்ளித்தாய்க்கு ஜாதகமே பார்க்க மாட்டேன் என்று மார்தட்டித் திரிந்தவன். அந்தப் பகுத்தறிவுச் சிங்கம்தான் வரிசையில் முதல் ஆளாக நின்றது. நிலையத்தை நடத்தும் 'புரொபசர்' செல்லச்சாமி போன வருஷம் சந்தையில் கிளி ஜோசியம் பார்த்த ஆள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது கிளி இல்லை, வெள்ளைக் கோட்டு இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?

கல்யாணத்துக்கு முன் பொண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாதே, அதற்கும் ஏற்பாடு இருந்தது. பச்சைத் திரையில் இரண்டு ஓட்டை. பின்னால் இருவருக்கும் நடுவே ஒரு சேலை தொங்கும். ஓட்டை வழியே ஆளுக்கொரு கையை நீட்ட வேண்டும்.

செல்லச்சாமி விரல்களில் குத்தி, இரண்டு சொட்டையும் கண்ணாடியில் கலந்து, புட்டி மருந்தை விட்டார். ரத்தம் திரிதிரியாகக் கட்டியது.

"பகை ரத்தம் அண்ணாச்சி. பொறக்கப்போற பிள்ளைக்கு வலிப்பு வரும். நம்ம டானிக்க ஒரு வருஷம் குடிச்சா பாக்கலாம்."

மாப்பிள்ளையின் அப்பா ராஜதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் வாத்தியாரே."

வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நமக்கப்புறம் வந்தவங்களயும் நின்னு பாத்தேன். நகை போட்ட கைக்கெல்லாம் ரத்தம் திரியுது. வெறுங்கைக்குத் திரியல. புட்டியும் ரெண்டு வச்சிருக்கான், எல்லாம் டானிக் விக்கத்தான். நீங்க பாக்கலியாப்பா?"

நான் எங்கே பார்த்தேன்? மேஜைமேல் ஏதோ மிஷின்போல எரிந்த வெளிச்சப் பெட்டியை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் யோசனையைச் சொன்னதும் பதறிவிட்டேன்.

"ஏட்டி, என் மானம் போயிரும்!"

"எனக்கு மாப்பிள்ளையே போயிட்டாரு. சேலை இடுக்குல பாத்துட்டேன், எனக்கு அவரப் பிடிச்சிருக்குப்பா."

மறுநாள் ராஜதுரையையும் கெஞ்சி வரவழைத்தாள். திரைக்குப் பின்னால் பொண்ணும் மாப்பிள்ளையும் இருப்பதாகப் பேச்சு, இருந்தது நான் ஒருவன்தான். இடது கையில் சோப்புப் போட்டு ஏற்றிய அவளுடைய தங்க வளையல், வலது கையில் என் கடிகாரம். சேலையை ஒதுக்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். என் கை ரோமத்தைச் செல்லச்சாமி கவனிக்கவே இல்லை, தங்கத்தைத்தான் பார்த்தார்.

"பரம பகை! மாப்பிள்ள ரத்தம் பொண்ணு ரத்தத்தக் கண்டாலே எரிஞ்சு விழுது!"

வள்ளித்தாய் திரையை இழுத்தாள். வளையல் குலுங்க, கை இரண்டையும் நீட்டியபடி அறிவியல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலைந்து பேரும் அதில் இருந்தார்கள்.

ராஜதுரை புட்டியைப் பறித்து ஒரு துளி நக்கினார். "ஏலே, படிகாரத் தண்ணில்லா இது!"

தினமும் சவரம் செய்து வெட்டிக்கொண்ட கன்னத்தில், ரத்தம் கட்டட்டும் என்று நான் தேய்க்கிற அதே படிகாரம். செல்லச்சாமி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்.

ராஜதுரை என் வளையலைப் பார்த்தபடியே, "நாளைக்கே வெத்தல மாத்திருவோம் வாத்தியாரே" என்றார். வள்ளித்தாய் அப்போதுதான் அழுதாள்.

கூட்டத்தில் ஒருவர் கவலையாகக் கேட்டார்: "அப்போ வாங்குன டானிக்க குடிக்கணுமா, வேண்டாமா சார்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் இடது கைக்கும் வலது கைக்கும் ஆகாது என்று கேட்கும்வரை எனக்கே புத்தி வரவில்லையே. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கும்பிடுகிற கையை இறக்கிவிட்டு, தலைக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். வாத்தியார் சொல்கிறாரே என்று இதையும் நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள்.