கடைசி நாளில் விலை சரியும்

விமான டிக்கெட் விலை கடைசி நாளில் தானாகச் சரியும் என்று வேதமுத்துவிடம் யார் சொன்னார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை அவருக்கு. வளையாத இரும்பையே வளைத்தவனுக்கு விலை வளையாதா என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிறு காலை தூத்துக்குடியில், அவர் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஞானத்தாய் இவள்தான். அந்த நேரத்துக்கு இவள் கோயிலில் நிற்காவிட்டால், தம்பி வீட்டுப் படியை இந்த ஜென்மத்தில் மிதிக்க முடியாது.

ரயிலில் போட்டுவிடுவோம் என்று அவள் இரண்டு மாதம் முன்பே சொன்னாள். ரயில் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார் அவர். அவளும் எடுக்கவில்லை. அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை நாலாயிரம். புதன்கிழமை ஆறு. வியாழன் ஒன்பதைத் தாண்டியது. அடுத்த வீட்டு யூசுப் தினமும் மதில்மேல் தலையை நீட்டுவார்.

"இன்னா அண்ணாத்தே, எறங்கிச்சா?"

"எறங்கும்."

"பாத்துகினே இரு. பிளேன் எறங்கும், ரேட்டு எறங்காது."

தொழிற்சாலைக்குள் கேமரா போனை விடமாட்டார்கள். அதனால் பகல் முழுக்கப் போன் வீட்டில், ஞானசௌந்தரி கையில். ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைப் பிடுங்கி, முந்தின நாள் பார்த்த பக்கத்தையே திறப்பார்.

வெள்ளிக்கிழமை திறந்தார். மூவாயிரத்து நூறு. இரண்டே இரண்டு சீட்டு. மேலே ஒரு கடிகாரம் ஐந்து நிமிஷத்திலிருந்து பின்னால் ஓடியது.

ஞானசௌந்தரி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "பை ஏழு கிலோதானாம். கேன்சல் பண்ணினா பணம் வராதாம். எல்லாத்தையும் ஒருதடவை படிச்சுட்டு அமுக்குங்க."

"படிச்சுக்கினு இருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

ஒரு நிமிஷம்தான் பாக்கி. வங்கிக்காரன் அனுப்பின நம்பரை இரண்டு தடவை தப்பாகத் தட்டினார். விரல் வேர்த்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. பச்சை டிக் விழுந்தது.

மதிலுக்கு ஓடி யூசுப்பிடம் மார்தட்டினார். எத்தினி மணிக்கு பிளேன் என்று அவர் கேட்டார். வேதமுத்து அப்போதுதான் டிக்கெட்டைப் படித்தார்.

தூத்துக்குடியிலிருந்து சென்னை. செவ்வாய்க்கிழமை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். அதேதான். விமானக் கம்பெனி நம்பருக்கு அடித்தார். ஒரு மிஷின் பதினேழு நிமிஷம் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நாளைக்குச் சென்னையிலிருந்து போகிற பிளேனைத் தேடினார். என்ன விலை கொடுத்தாலும் சீட்டு இல்லை.

உள்ளே அவள் குழந்தைக்கு எடுத்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றார்.

"சௌந்தரி, ஒரு தப்பு நடந்துபோச்சு. வர்றதுக்கு டிக்கெட் போட்டுட்டேன். போறதுக்கு இல்ல."

இஸ்திரி நிற்கவில்லை. "தெரியும். ஊரையும் தேதியையும் மத்தியானம் நான்தான் மாத்தி வச்சேன். வர்றதுக்குத்தான் ரயில்ல இடம் கெடைக்கல."

"அப்போ போறதுக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம் எழும்பூர்ல வண்டி. எனக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போட்டாச்சு, கீழ் பெர்த்து. உங்களுக்குக் கடைசி நேரத்துல போட்டாத்தானே பிடிக்கும்? போன வாரம்தான் போட்டேன். ஆர்.ஏ.சி. உக்காந்துகிட்டே வாங்க."