ஓமோனை ஏமாற்றப் போன மாப்பிள்ளை

கட்டுரையைப் பாதி படித்துவிட்டு நிபுணராகிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாதி அறிவை என் கல்யாண நாளிலேயே பரீட்சித்துப் பார்த்ததுதான் விசேஷம்.

எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் விரதம். ஏதாவது குடிக்கலாம், அவ்வளவுதான். முகூர்த்தமோ நடுப்பகலில். இனிப்புப் பானம் குடித்தால், உடம்பில் சுரந்து பசியைக் கிளப்பும் ஓமோன் இறங்கிவிடும் என்று கைப்பேசியில் படித்திருந்தேன். ஆகவே அன்று காலை கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மா, வறுத்த பயத்தம் மாவைக் கரைத்த பாலை நீட்டியபோது தள்ளிவிட்டேன்.

“பால் குடிச்சா மணவறையில ஏப்பம் வரும் அம்மா. எனக்குச் சீனி போட்ட நெல்லி ஜூஸ் போதும்.”

“ஓம், நீ பெரிய டொக்டர்தானே,” என்றார் அம்மா. (நான் ஆயுள் காப்புறுதி விற்பவன்.)

அதோடு விட்டேனா? கொட்டாஞ்சேனையில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த மணப்பெண் நிர்மலாவுக்கும் போன் போட்டு விளக்கினேன்.

“நான் பால் குடிச்சிட்டன். உங்கட ஓமோனோட நீங்களே கதையுங்கோ,” என்று வைத்துவிட்டாள்.

ஓமோன் இறங்கியது உண்மைதான். மணவறையில் உட்கார்ந்ததும் அது வட்டியோடு திரும்பி ஏறியது. சீனித் தண்ணீர் பசியைக் கொஞ்ச நேரம்தான் அடக்கும், புரதமும் கொழுப்பும் உள்ள பால்தான் நின்று பிடிக்கும் என்பது கட்டுரையின் மறுபாதியாம். ஐயர் மந்திரத்தை இழுக்க இழுக்க, என் வயிறு தவிலோடு போட்டி போட்டது. (மேளச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் மானம் அப்போதே கப்பலேறியிருக்கும்.)

தாலி கட்டியபின், ஒரே இலையில் சாப்பிட்டு ஒருவருக்கொருவர் ஊட்டும் சடங்கு. சபை முன்னால் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரித் தெரியக்கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை. நிர்மலா வெட்கத்தோடு ஒரு கவளம் சோற்றை நீட்டினாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பார்வையும் பறந்துவிட்டது. சோறு எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“ஐயோ அம்மா!”

மண்டபமே எழுந்து நின்றது. மாமனார் ஓடிவந்து என் தாடையைப் பிடித்தார்.

“விடுங்கோ தம்பி, இன்னும் சோறு இருக்கு!”

வீடியோக்காரர் அந்தக் காட்சியைத் தவறவிட்டாராம். ‘இன்னொருமுறை செய்ய முடியுமா?’ என்று சிங்களத்தில் பணிவாகக் கேட்டார்.

அன்று முழுவதும் நிர்மலா தன் கையை எனக்கு எட்டாத தூரத்திலேயே வைத்துக்கொண்டாள். ஊர் சிரித்ததைவிட அதுதான் எனக்குச் சுட்டது. கல்யாண அல்பத்தில் பாதிப் படங்களில் அவள் விரலில் பிளாஸ்டர், முகத்தில் கொலைவெறி.

போன மாதம் மகளின் பிறந்தநாள். எல்லோருக்கும் கையால் கேக் ஊட்டிக்கொண்டே வந்த மகள், என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

“அம்மா, அப்பாவுக்கு நீட்டுக் கரண்டி எங்க?”