ஏழாவது பிழை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்தொரு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் தெரிந்தே தவறான தகவலை எழுதக் கூடாது. முழங்கால் வலிக்கிறது, குளியலறைக் குழாய் சொட்டுகிறது, உன் அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது, என் மகள் என்னைத் 'தாங்கள்' என்று அழைக்கிறாள். இதில் கடைசி விஷயத்துக்கு மட்டும்தான் உன்னால் ஏதாவது செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் உன் வீட்டில்தானே சாப்பிடுகிறாள்? என்னோடு பழையபடி பேசச் சொல்லி நீதான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் நடந்த கால்பந்து இறுதிப் போட்டியை நீயும் பார்த்திருப்பாய். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனதும் கூட்டம் முழுவதும் 'பூட்டு, பூட்டு' என்று கத்த ஆரம்பித்தது. கோல் கீப்பரான நம் பெண்ணுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. கடைசிப் பந்தை அவள் இடதுபக்கம் பாய்ந்து பிடித்தாள், இங்கே நானும் பாய்ந்து டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டேன், மேலே சொன்ன வலி அதுதான். உடனே ஒருவர் ஓடிவந்து அவள் வாயருகே மைக்கை நீட்டினார். முகமெல்லாம் மண்ணும் வேர்வையுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னது எனக்கு மனப்பாடம். "இல்ல சார்... ரொம்ப முயற்சித்தோம். இது ஒரு ஆட்டம், ஜெயிக்கலாம், தோக்கலாம். எங்க பொண்ணுங்க எல்லாம் நல்லா ஆடுச்சு. நாலஞ்சு பந்து வந்துச்சு, புடிச்சேன், அவ்ளோதான். எங்க அம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க. இந்தக் கப்பு அவங்களுக்குத்தான்."

எந்த அப்பனாக இருந்தாலும் இந்த இடத்தில் அழுதிருப்பான். நான் பென்சிலை எடுத்தேன். 'முயற்சித்தோம்' தவறு, 'முயன்றோம்' என்று வர வேண்டும். 'ஒரு ஆட்டம்' இல்லை, 'ஓர் ஆட்டம்'. பெண்கள் உயர்திணை, 'ஆடுச்சு' என்று சொல்லி அத்தனை பேரையும் ஆடுமாடோடு சேர்த்துவிட்டாள். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் மொத்தம் ஏழு. ஏழாவதுதான் வினை. இறந்துபோனவரைப் பற்றிப் 'பார்த்துக்கொண்டிருப்பார்' என்று சொல்வது காலப் பிழை என்று குறித்துவைத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதே, மாப்பிள்ளை. அழுகை வந்தால் எனக்கு எதையாவது திருத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் உன் அக்கா கண் திறக்காமல் கிடந்த அன்று, சுவரில் 'சத்தம் போட்டு பேசாதீர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, நடுவில் 'ப்' வர வேண்டும் என்று நர்சிடம் சத்தம் போட்டவன் நான். நீ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய். அன்றைக்கு நீ என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாய். இறுதிப் போட்டி அன்று அப்படிக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை.

ஆள் இல்லாததால் பென்சிலோடு நிற்காமல் பேனாவையும் எடுத்துவிட்டேன். விளையாட்டு வீரர்கள் பேட்டியில் பிழையில்லாமல் பேச வேண்டாமா, லட்சம் பேர் கேட்கிறார்களே, குழந்தைகள் அதையே பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று என் பழைய பத்திரிகைக்கே ஆசிரியர் கடிதம் எழுதினேன். எடுத்துக்காட்டாக அந்தப் பேட்டியின் ஏழு பிழைகளையும் வரிசையாகப் போட்டேன். என் மகள் என்று சொல்லவில்லை. கீழே 'ஓர் ஓய்வுபெற்ற வாசகர்' என்று மட்டும் போட்டேன். எங்கோ ஒரு மூலையில் நாலு வரி வரும் என்று நினைத்தால், அவள் புகைப்படத்தோடு அரைப் பக்கம் வந்துவிட்டது. 'பந்தைப் பிடித்தவர் இலக்கணத்தைக் கோட்டைவிட்டார்' என்று தலைப்பு வேறு. அது நான் வைத்ததல்ல, உன் மேல் ஆணை. பேப்பர் வந்து ஒரு மணி நேரத்தில் அவளிடமிருந்து ஃபோன்.

"ஊர்ல ரிட்டயரானவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. 'ஓர் ஓய்வுபெற்ற'னு போடுறது நீ ஒரு ஆளுதான்ப்பா."

"ஓர் ஆள்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, மாப்பிள்ளை.

பிறகு, "மத்ததெல்லாம் சரி, ஏழாவத எதுக்குப்பா எழுதுன?" என்று கேட்டாள்.

"அது காலப் பிழைம்மா. அம்மா இப்ப..."

"தெரியும்ப்பா. நானும் அன்னைக்கு ஆஸ்பத்திரிலதான இருந்தேன்."

வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள் என்று பயந்தேன். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த புதன்கிழமை வழக்கம்போல் ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். "வணக்கம் அப்பா. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி குறைந்துள்ளதா? உணவருந்தினீர்களா?" ஒற்றுப் பிழை இல்லை, ழகரம் சுத்தம், அச்சுக்கு அப்படியே அனுப்பலாம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதல் அரை நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. பிறந்த நாளிலிருந்து என்னை 'நீ', 'வா', 'போப்பா' என்று பேசிய பெண். இரண்டாவது வாரம் நானே தூண்டில் போட்டுப் பார்த்தேன். "நாளைக்கு ஒரு ஆட்டம் இருக்காமே?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டேன். "ஆம் அப்பா. நாளை ஓர் ஆட்டம் உள்ளது" என்றாள். நான்கு வாரமாக என் வீட்டு ஃபோனில் ஒரு பிழைகூட இல்லை. பேசி முடித்ததும் ஏதோ அரசாங்கக் கடிதம் வந்து போனதுபோல் இருக்கிறது.

போன சனிக்கிழமை அவள் அணி மறுபடியும் ஜெயித்தது. மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனும் என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மைக் வந்தது. "எங்கள் அணியினர் சிறப்பாக ஆடினார்கள். முயன்றோம், வென்றோம். அனைவருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். "என்ன சார், பாப்பா நியூஸ் வாசிக்குது? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டார். ஒரு பிழையாவது வராதா என்று டிவி முன்னால் காத்துக்கிடந்தது என் வாழ்நாளிலேயே அன்றுதான். வரவில்லை, மாப்பிள்ளை. அம்மாவும் வரவில்லை. நான் திருத்தியது அப்படியே அச்சாகியிருந்தது.

நேற்றுக் காலை இன்னொன்று நடந்தது. கூரியர்க்காரர் ஒருவர் உன் அக்கா பெயருக்கு ஏதோ பார்சல் கொண்டுவந்தார். எப்போதோ ஆர்டர் செய்த தலையணை உறையாம், கடைக்காரன் இத்தனை மாதம் தூங்கிவிட்டு இப்போது அனுப்பியிருக்கிறான். "அம்மா இல்லீங்களா? கையெழுத்து வேணும்" என்றார். "உள்ள இருப்பாங்க, இருங்க கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறை வாசல்வரை போய்விட்டேன். அங்கே போய்த்தான் நின்றேன். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, அவசரமில்லை சார் என்று வாசலிலிருந்தே இரண்டு தடவை சொன்னார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு நாள் முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 'உள்ளே இருப்பாங்க' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? கண்ணால் பார்க்காமலே ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நம்பிச் சொல்கிற சொல் அது. அவள் சொன்னதும் அதே சொல்தான். ஏழாவது பிழை பிழையே இல்லை.

ஆகையால் நீ அவளிடம் சொல்ல வேண்டியது இது. வந்ததும் ஆரம்பிக்காதே, முதலில் வயிறாரச் சாப்பிடட்டும். பிறகு, இலக்கணத்திலேயே வழுவமைதி என்று ஒன்று உண்டு, மனம் நிறைந்து பேசும்போது வருகிற பிழையைப் பிழையாக எடுக்க வேண்டாம் என்று இலக்கணக்காரர்களே விட்டுக்கொடுத்த இடம் அது, உன் அப்பா அந்தப் பக்கத்தை மறந்துவிட்டார் என்று சொல். மற்ற ஆறு பிழைகளைப் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. அதை இப்போது சொல்ல வேண்டாம். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே பார்த்து ஓரிடத்தில் போட்டுவிடு.

உன் வீட்டில் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உன் மனைவியை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். சின்னவள் தப்பும் தவறுமாகப் பேசினால் பேசட்டும், திருத்தாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். வழுவமைதி கிழுவமைதி ஒன்றும் வேண்டாம். கடிதத்தை உறைக்குள் வைக்கும்போது மணி ஆறாகி, ஃபோன் வந்துவிட்டது. "வணக்கம் அப்பா. உணவருந்தினீர்களா?" என்றாள். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "நீ சாப்ட்டியானு அம்மா கேக்குறா" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இன்னும் இல்லப்பா. இப்பதான் பிராக்டிஸ் முடிஞ்சுது. சாப்ட்டுருவேன், கவலப்பட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன், மாப்பிள்ளை.