பெட்டி விளக்கு

நிர்வாகம் திறந்த மனதோடு நடக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் தெருவிளக்கு இலாகா அதை ஆழ்ந்து பரிசீலித்தது. மனதைத் திறக்க நிதி ஒதுக்கீடு இல்லை, வாகனத்துக்கு இருந்தது. ஆகவே இயக்குநர் அவர்களுக்கு ஒரு கார் வாங்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் அதன் கூரை தானாக மடங்கி, பின்னால் டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பொதுமக்களுக்கும் இயக்குநருக்கும் நடுவே ஒரு தகரம்கூட இருக்கலாகாது என்பது கொள்கை.

அந்தக் காருக்கு ஓட்டுநராக வாய்த்தவர் என் தங்கையின் வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை முறை. நான் அதே இலாகாவில் பல்புப் பிரிவுக் குமாஸ்தா. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

புதுக் கம்பம் ஒன்றைத் திறந்துவைக்கப் போன அன்று, இயக்குநர் கூட்டத்துக்குக் கையசைக்க வேண்டிப் பொத்தானை அழுத்தினார். கூரை விர்ரென்று எழுந்தது. கொட்டாவி விடப் போய் மறந்துவிட்ட முதலை மாதிரி, வாயைப் பிளந்தபடி பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. விளக்கில் ஒரு பெட்டியின் படம்.

இயக்குநர் அந்தப் படத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆயிற்று. "டிக்கியை மட்டும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, இறங்கி நடந்தே அலுவலகம் திரும்பினார். கார் பின்னாலேயே வந்து அலுவலக வாசலில் நின்றது. எளிமையான மனிதர் என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

சங்கடம் என்னவென்றால், கூரை திறந்த நிலையில் உள்ள இலாகா வாகனத்தை விட்டு ஓட்டுநர் அகலலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. மாப்பிள்ளை மேலாளரிடம் போய், அதாவது காரிலிருந்தே கூப்பிட்டு, முறையிட்டார்.

"சார், பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நான் வீட்டுக்குப் போக வேணாமா?"

"கூரை திறந்திருக்கேப்பா."

"பாதிதான் சார் திறந்திருக்கு."

மேலாளர் யோசித்தார். நியாயமான மனிதர். "அப்போ நீ பாதி அகலலாம்."

அன்று முதல் மாப்பிள்ளைக்கு ஒரு காலை மட்டும் வெளியே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சாப்பாடு, தூக்கம், சவரம் எல்லாம் மிச்சக் காலோடு உள்ளே.

மெக்கானிக் வந்தார். பேட்டரியைப் பார்த்தார், ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்துத் திரும்பச் செருகினார், ஆயில் கசிகிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"டிக்கியைத் திறந்தா தெரிஞ்சுடும்" என்றார்.

"அதைத் தவிர வேற எதை வேணா திறங்க" என்றார் மேலாளர்.

மெக்கானிக் என்ஜினைத் திறந்தார், கதவுகளைத் திறந்தார், கையோடு கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து, பழுதானது கூரை என்பதால் கட்டடப் பிரிவு வந்தது. பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று சான்றளித்தார். ஒழுகுகிறதா என்று பார்க்க நாலு வாளித் தண்ணீரை மேலே ஊற்றச் சொன்னார். ஒழுகியது. மாப்பிள்ளையின் தலை வழியாக ஒழுகியது.

கடைசியில் மேலாளர்தான் மர்மத்தை உடைத்தார். விளக்கைக் கூர்ந்து பார்த்துவிட்டு, என் காதில் கிசுகிசுத்தார்.

"பெட்டி கேக்குதுய்யா."

"யாரு சார்?"

"காருதான். பாதி வேலையைச் செஞ்சுட்டு நிக்குது. பெட்டி படத்தைக் காட்டுது. இத்தனை வருஷம் இலாகாவுல இருக்கே, உனக்குப் புரியலையா?"

எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. வாங்கி மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் தொழிலைக் கற்றுக்கொண்டதே என்று சிலருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பின்சீட்டில் ஒரு பெட்டியை மரியாதையோடு வைத்தோம். கூரை அசையவில்லை. "சின்னப் பெட்டின்னு கோவிச்சுக்கிச்சோ என்னவோ" என்றார் காசாளர். பெரியதாக இன்னொன்று வைத்தோம். அதற்கும் மசியவில்லை. இவ்வளவு கறாரான பேர்வழியை எங்கள் இலாகா கண்டதில்லை.

சேதி இயக்குநருக்குப் போனது. "முதல்ல அந்த விளக்கை அணைங்க" என்று உத்தரவு வந்தது. ஊரில் ஒரு விளக்கையும் எரியவிடாத எங்களால் அந்த ஒரு விளக்கை அணைக்க முடியவில்லை. மேலே கறுப்பு டேப் ஒட்டி, பழுது நீக்கப்பட்டதாகக் கோப்பை மூடினோம்.

இதற்கிடையே ஊர் சும்மா இருக்குமா? இயக்குநரின் கார் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தவர்கள், புது நாகரிகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வசதி உள்ளவர்கள் நல்ல கார்களை வெல்டிங் கடைக்கு ஓட்டிப்போய்ப் பாதிக் கூரையை அறுத்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள் குடையைப் பாதி விரித்துக்கொண்டு நடந்தார்கள். மழை பெய்தால் நனைந்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்து மேன்மையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவேண்டும் என்றால் காரும் வரவேண்டும். தங்கை அதற்கும் அனுமதி வாங்கிவிட்டாள். அரைக்கூரைக் காரில் மருமகள் வரப்போகிறாள் என்றதும் சம்பந்திக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் காரைப் பார்க்க என் தங்கையோடு கிளம்பி வந்துவிட்டார்.

தங்கை புருஷனின் அழுக்குத் துணிமணிகளை எடுத்துவைக்க இடம் தேடினாள். டிக்கிமேல் கை வைத்தாள்.

"அம்மா, அதைத் தொடக்கூடாது, இயக்குநர் உத்தரவு!" என்று கத்தினார் மேலாளர்.

"அவர் உங்களுக்குத்தானே இயக்குநர்? என் வீட்டுல நான்தான்" என்று டிக்கியைத் திறந்தாள்.

உள்ளே, கூரை வந்து படுக்கவேண்டிய இடத்தில், கொழுத்த தோல் பெட்டி ஒன்று குறுக்கே படுத்திருந்தது. தங்கை அதை முக்கித் தூக்கி வெளியே வைத்தாள். முன்சீட்டில் மாப்பிள்ளை எப்போதும் போல நம்பிக்கையில்லாமல் பொத்தானை அழுத்தினார். கூரை சமர்த்தாக இறங்கி மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை இரண்டு காலையும் தரையில் வைத்தார். "மச்சான்! ரெண்டும் என்னோடதுதான்!" என்று அழுதார்.

மாடியிலிருந்து இயக்குநர் ஓடிவந்தார். "யார் அந்தப் பெட்டியை எடுத்தது?"

"நான்தாங்க. உங்க பெட்டிங்களா?" என்றாள் தங்கை.

"என்னோடதா? யார் சொன்னது? எந்தப் பெட்டி?" சுற்றிலும் பார்த்தார். நாங்கள் அனைவரும் வானத்தைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது காரோட உதிரிபாகம்மா. எடுத்த இடத்துல வச்சுடுங்க."

"வச்சா திரும்ப வாயைப் பிளந்துக்குமே! இவர் உள்ள மாட்டிக்குவாரே!"

சம்பந்தி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தியம்மா இது? மூடின காரா? மூடின கார்ல மருமக வந்து இறங்கினா நாங்க தெருவுல தலை காட்ட முடியுமா? திறந்த காருன்னுதானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்? இல்லேன்னா தேதியை யோசிக்க வேண்டியிருக்கும்."

தங்கை சம்பந்தியைப் பார்த்தாள். இயக்குநரைப் பார்த்தாள். இரண்டு காலில் நின்றுகொண்டிருந்த புருஷனைக் கடைசியாகப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், "ஏறி உக்காருங்க."

மறுநாள் கல்யாணம் ஜோராக நடந்தது. மண்டபத்து ஜன்னலை ஒட்டிக் காரை நிறுத்தியிருந்தோம். கழுத்தில் மாலையோடு மகள் ஜன்னலுக்கு ஓடிவந்து, "அப்பா, உள்ள வாங்கப்பா" என்றாள்.

"வந்திருக்கேன்மா, பாதி" என்றார் மாப்பிள்ளை, வெளியே இருந்த காலை ஆட்டிக் காட்டி.

மழை கொட்டியது. பாதிக் குடைகளின் கீழ் வந்தவர்கள் எல்லோரும் முழுசாக நனைந்தார்கள். எல்லோரும் ரொம்ப நாகரிகமாக இருக்கிறது என்றார்கள்.

கூரை அப்படி நிற்க டிக்கியில் பெட்டி இருக்கவேண்டும் என்ற ரகசியம் அன்றோடு ஊருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது யார் காரைத் திறந்தாலும் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். சும்மா அழகுக்குத்தான், உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் கார் கிடையாது. பெட்டியை வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை.

திறந்தெல்லாம் காட்ட முடியாது.