வாசலில் அத்தான், திரையில் பூனை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீயும் அத்தானும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லைதான், ஆனாலும் கேட்டுவிட்டேன். முந்தாநாள் போனில், "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதில் என் மூஞ்சி இல்லை, தைரியமாகப் படி.

சமாதானமாகப் போக வந்த அத்தான் என் வாசலில் இருபது நிமிடம் நின்றது நிஜம். நான் உள்ளே திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததும் நிஜம். ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறக்கவில்லை என்பது மட்டும் பொய். நான் பார்த்தது பூனையை.

லாரிக்குப் பின்னால் மாட்டும் கேமராவின் திரைகள் என்னிடம் ரிப்பேருக்கு வருகின்றன அல்லவா? சில திரைகள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் கோளாறைக் காட்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். இவை ஒயரில் வரும் பழைய அனலாக் சிக்னலைத் தவிர வேறெதையும் ஏற்காது. அதைப் பதிவு செய்து அப்படியே திருப்பிக் கொடுக்கும் கருவி தேடித்தான் சீரழிந்தேன். முதலில் ஒரு பழைய வீடியோ டெக். அதில்தான் அத்தானின் பணி ஓய்வு விழாப் பேச்சு இருந்த ஒரே கேசட்டைக் காலி என்று நினைத்துப் போட்டு, அதன் மேல் என் பட்டறைச் சுவரை நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். இரண்டு வருடமாக அவர் என்னோடு பேசாதது நியாயம்தான். பிறகு கம்ப்யூட்டரில் செருகும் குச்சி ஒன்று. அது சிக்னலை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது. நம் பெரியப்பா குணம். மூன்றாவதாகக் கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். "சார், இது ஒரு பக்கம் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே இன்னொரு பக்கம் பழசைப் போட்டுக் காட்டும். நிஜம் எது, பதிவு எதுன்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன், என்னாலா முடியாது என்று சிரித்துவிட்டு வாங்கி வந்தேன்.

வாசல் கேமராவை அதில் இணைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். மறுநாள் ரிப்பேருக்கு வந்த திரையில் அதையே முடிய முடிய முதலிலிருந்து ஓடும்படி வைத்தேன். காலி வாசல். ஒரு பூனை வரும், காலை நக்கும், போகும். படம் அவ்வளவு துல்லியம். அந்தப் பெருமையில், ஓடுவது பதிவு என்பதே மறந்துபோனது. பெல் அடித்தது, திரையில் பூனை. மறுபடி அடித்தது, பூனையும் இல்லை. பெல்லில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதைச் சுவரிலிருந்து கழற்ற டிரில்லைப் போட்டேன். அத்தான் கதவைத் தட்டியது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

சாயங்காலம் எதிர்க்கடை டெய்லர் வந்து, "உங்க அத்தான் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுக்கூடப் பார்த்தாரு. அப்படி என்னங்க வீராப்பு?" என்றபோதுதான் பெட்டியில் அன்றைய பதிவைத் தேடிப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது சரி. பெட்டி அது பாட்டுக்கு அத்தானையும் பதிவு செய்திருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் பழப் பை. தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார். கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறார், சத்தம் வராது. சிரிக்கிறார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்லப் போய்விடுகிறது. அந்த இடத்தை ஒன்பது முறை பார்த்துவிட்டேன் அக்கா. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கக் கால் பரபரக்கிறது. இதை எழுதும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பதிவே எனக்கு ஆதாரம். பூனையும் பத்திரம், அத்தானும் பத்திரம். அவர் ஒருமுறை வந்து பார்த்தால் போதும். இனி எந்தத் திரையையும் நம்ப மாட்டேன், இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், அவர் கேட்கும் மனநிலையில் இருந்தால்.

என்றும் உன் மக்குத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது நிமிர்ந்தேன். திரையில் அத்தான் பெல்லை அழுத்திக்கொண்டிருந்தார். பத்தாவது முறை பார்க்கத் தெம்பில்லாமல் உறையில் முகவரி எழுத ஆரம்பித்தேன். சட்டை நீலம் என்பது உன் தெருப் பெயரை எழுதும்போதுதான் உறைத்தது. பெல்லைத்தான் கழற்றிவிட்டேனே, சத்தம் எப்படி வரும்? இந்தப் பதிவைத் திரும்ப ஓடும்படி நான் வைக்கவில்லை, முடிந்ததும் பெட்டி தானாக நேரடிக் காட்சிக்கு மாறியிருக்கிறது. ஓடினேன். படியிறங்கிவிட்டவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். ஆதாரத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். அது அழிக்கிற பொத்தான். பதிவிலிருந்து பூனையும் போயிற்று, அத்தானும் போனார். திரை கறுப்பானது. பிறகு அத்தான், அந்தக் கேசட்டுக்குப் பிறகு முதல் தடவையாக, என்னோடு பேசினார். "இனிமே என்னை எதுலயும் பதிவு பண்ணாதப்பா. கதவை மட்டும் திற. நானே வந்துட்டுப் போறேன்."