குப்புசாமி சர்க்கிளுக்கு வழி

மைசூருவில் என் பெயரில் ஒரு சர்க்கிள் இருந்தே தீர வேண்டும் என்று போன ஆடி மாதம் முடிவெடுத்தேன். நான் ராஜா இல்லை. மந்திரி இல்லை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஆனாலும் என் மனைவி லீலா எனக்கு வேறு வழி வைக்கவில்லை.

எங்கள் சொந்த ஊர் ராமாபுரத்தில் நாலு சாலை கூடினால் நால்ரோடு என்போம். மைசூருவில் அதற்கு சர்க்கிள் என்று பெயர். மூன்று சாலை கூடினாலும் சர்க்கிள்தான். நடுவில் சிலை நின்றாலும் சர்க்கிள், மாடு படுத்திருந்தாலும் சர்க்கிள். எங்கள் லேஅவுட்டிலும் அப்படி ஒன்று என் வீட்டு முன்னால் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் அது பெயரில்லாமல் நிம்மதியாகக் கிடந்தது.

எட்டு மாதத்துக்கு முன் எதிர்ப்பக்கம் செந்தில்நாதன் என்பவர் வீடு கட்டிக் குடி வந்தார். மூன்று மாடி. பிஸ்தா பச்சை பெயின்ட். ஐம்பது வயதில் தொப்பை கிடையாது. அதோடு தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறவர். இந்தக் கடைசித் தகவலை லீலா என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து யார் வழி கேட்டு ஃபோன் செய்தாலும் அவளிடம் ஒரே பதில்.

"செந்தில் சார் சர்க்கிள்னு கேளுங்க, யாரு வேணும்னாலும் காட்டுவாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். கூரியர், கேஸ் சிலிண்டர், கொள்ளேகாலத்திலிருந்து வந்த அவள் சித்தப்பா என்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது செந்தில். எனக்கு வயிறு எரிந்தது. சாம்பாரில் காரம் அதிகம் என்று சொல்லி மோர் குடித்தேன்.

பொறாமையை அப்படியே வெளியே காட்டினால் மரியாதை போய்விடும். அதற்கு ஒரு கண்ணியமான சட்டை மாட்ட வேண்டும். மகளுடைய ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"லீலா, நீ சொல்றது தப்பு. சர்க்கிள்னா வட்டம். நம்ம வாசல்ல வட்டம் எங்கே இருக்கு? நாலு ரோடு ஒண்ணையொண்ணு வெட்டிக்குது. அதுக்கு க்ராஸ் ரோடுன்னு பேரு. ஜங்ஷன்னும் சொல்லலாம். புக்குல போட்டிருக்கு."

"ஏனுங்க, கேஸ்காரர்கிட்ட புக்கா படிச்சுக் காட்டுறது?"

"வட்டம் இல்லாட்டி சர்க்கிள் இல்ல. அவ்வளவுதான்."

"வட்டம் போட்டுட்டா?"

"போட்டா சர்க்கிள்தான்."

"போட்டவங்க பேரைச் சொல்லலாமுங்களா?"

"தாராளமா."

அவள் வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். "அப்ப செந்தில் சார்கிட்டயே சொல்லிடறேன். ஒரே நாள்ல போட்டுத் தந்துடுவார்."

"அவர் எதுக்கு? நான் போடுறேன்."

"உங்களுக்கு இடுப்பு வலி."

"இடுப்பு என்னோடது. நான் போட்டு, பலகையும் வெச்சுட்டா, அதுக்கப்புறம் செந்தில் சார் சர்க்கிள்னு உன் வாயில வரக்கூடாது."

"சத்தியமா வராதுங்க," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாலு சாலையும் கூடும் இடத்தில் அப்போது இருந்தது ஒரு குப்பை மேடு. தேங்காய் மட்டை, கிழிந்த மெத்தை, யாரோ கழற்றிப் போட்ட கமோடு. அதை அப்புறப்படுத்தச் சொல்லி லீலா இரண்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வருஷமாக ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு ஞாயிறு ஆனது. குப்பையை அள்ளினேன். செம்மண் கொட்டினேன். பழைய லாரி டயர்களை வட்டமாகப் புதைத்து, சிவப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் செவ்வந்தி நட்டேன். செந்தில்நாதன் மாடியில் நின்று காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு வாய் திறந்தார்.

"சார், வட்டம் கொஞ்சம் முட்டை மாதிரி வருதே."

வாசலில் இருந்து லீலா சொன்னாள்: "நானும் அதையேதான் சொன்னேன் செந்தில் சார்."

டயர்களைப் பிடுங்கி மறுபடியும் புதைத்தேன்.

பலகைக்கு லேஅவுட் சங்கத்தின் அனுமதி வேண்டும். செயலாளர் தொட்டையன் வந்து சுற்றிப் பார்த்தார். குப்பை போனதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் தயங்கினார்.

"உயிரோட இருக்கறவங்க பேரை சர்க்கிளுக்கு வைக்கிறது வழக்கமில்லையே சார்."

லீலா எனக்காகப் பரிந்து பேசினாள். "நாலு வாரமா மண்ணு சுமந்திருக்காரு, முகத்தைப் பாருங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியாதுங்க."

தொட்டையன் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அனுமதி தந்தார்.

பலகை ஏறியது. கன்னடத்தில் பெரிதாக, ஆங்கிலத்தில் சிறிதாக, 'குப்புசாமி சர்க்கிள்'. இடுப்பில் பிளாஸ்திரியோடு அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். பிஸ்தா பச்சை வீடு படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணி. லீலா மிக்ஸி ரிப்பேருக்கு ஆள் சொல்லியிருந்தாள். தீபக் என்ற பையன் வழி கேட்டு ஃபோன் செய்தான். இந்த ஒரு ஃபோனுக்காகத்தான் நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டேன். பேச்சு கன்னடத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"சர்க்கிளுக்கு வந்துடுங்க தம்பி."

"எந்த சர்க்கிள் மேடம்?"

"புதுசா பலகை வெச்சிருக்காங்களே, அது."

"பேர் சொல்லுங்க மேடம். இந்தப் பக்கம் நாலஞ்சு சர்க்கிள் இருக்கு."

லீலா என் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரைக் கீழே இறக்கினேன்.

"சொல்லேன் லீலா."

அவள் ஃபோனை முந்தானையால் மூடிக்கொண்டாள். "என்னங்க நீங்க? கட்டின புருஷன் பேரை எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது?"

"பேங்க்ல, ரேஷன் கடையில எல்லாம் என்ன பண்ணுறே?"

"எழுதித்தானுங்க காட்டுறேன். பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அவள் பக்தியை எண்ணி நான் பெருமைப்பட்டதுண்டு. கல்யாண வீடுகளில் அதை நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"செந்தில் சார் சர்க்கிள்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் வேற பண்ணிட்டேன். நீங்களே பேசுங்க," என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, செவ்வந்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். குப்பை நாற்றம் இல்லாத காற்று வாசல் வழியாக வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தம்பி, குப்புசாமி சர்க்கிள்."

"கேள்விப்பட்டதே இல்லையே சார். பக்கத்தில என்ன இருக்கு?"

வாசலைப் பார்த்தேன். லீலா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு லேசாகக் குலுங்கியது.

"செந்தில் சார் வீடு," என்றேன்.