நான் பிரசங்க லைசென்ஸ் கேட்டுப் போன கதை

ஊழியத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தரிசனம் கண்டதாகச் சொல்வார்கள். நானும் கண்டேன். நான் கண்டது கோழிக்குழம்பு.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கோவில்பட்டியிலிருந்து மென்பொருள் வேலைக்காகப் புனே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சாங்வியில் ஒற்றை அறை. ஐந்து நாள் அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் பேசுவேன். சனிக்கிழமை பேச ஆள் கிடையாது. (ஒரு சனிக்கிழமை மாலை பால் வாங்கப் போய் "ஏக் பாக்கெட்" என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். குரல் கட்டியிருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை தாபோடிக்குப் போவேன். அங்கே ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையின் தமிழ் ஆராதனை. நாற்பது பேர் வருவார்கள். முடிந்ததும் "வரட்டா தம்பி" என்று குடும்பம் குடும்பமாக ஸ்கூட்டரில் ஏறிப் போவார்கள். "சரிண்ணே" என்பேன். அப்புறம் நானும் வாட்ச்மேனும் மட்டும் இருப்போம்.

எங்களுக்கென்று போதகர் இல்லை. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வருவார். மற்ற வாரங்களில் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் டேவிட்ராஜ் மூப்பர், அச்சில் வந்த பிரசங்கம் எதையாவது வாசிப்பார். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தரவு வாசிப்பது மாதிரியே அன்பைப் பற்றியும் வாசிப்பார். போதகர் வரும் வாரம் மட்டும் கடைசியில் ஓர் அறிவிப்பு உண்டு: இன்று செய்தி அளித்த ஐயாவுக்கு மதிய உணவு இன்னார் குடும்பத்தார். அந்த இன்னார் குடும்பம் போதகரை நடுவில் விட்டு, அவர் பையைக்கூடப் பிடுங்கிக்கொண்டு கூட்டிப் போகும். அவர்கள் வீட்டுக் கோழிக்குழம்பை நினைத்தபடி பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் மூப்பர், சபைக்குள்ளேயே ஒருவர் பிரசங்க லைசென்ஸ் வாங்கினால் வாராவாரம் செய்தி கிடைக்கும் என்றார். (ஆமாம், அதற்கும் லைசென்ஸ் உண்டு. பல சபைகளின் மூப்பர்கள் கூடிய மன்றம் சோதித்துப் பார்த்துத் தரும்.) என் கை தானாக உயர்ந்தது. அது பரிசுத்த ஆவியின் ஏவுதல் என்றே மனதார நம்பினேன்.

எழுத்தில் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டப் பிரசங்கம் செய்ய வேண்டும். இருபது நிமிடம் கேட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம் பேசினேன். வேதாகமம் முழுக்கத் தேடி எடுத்த உதாரணங்களைப் பின்னால் நினைத்துப் பார்த்தேன்: மன்னா, காடை, ஐந்து அப்பம், கரையில் சுட்ட மீன். எல்லாமே சாப்பாடு.

சோதிக்க மூன்று பேர். பிம்ப்ரியிலிருந்து வந்த தமிழ்ப் போதகர், சுனந்தா தாயி (மராத்தியில் அக்கா) என்ற ஓய்வுபெற்ற மராத்தித் தலைமையாசிரியை, நம் டேவிட்ராஜ். தாயிக்குத் தமிழ் தெரியாது. மூப்பர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். என் நாற்பத்தைந்து நிமிடத்தை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்ததாகக் கேள்வி.

பிறகு பக்கத்து வகுப்பறையில் நேர்காணல். முதல் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். மணி ஒன்று. உபதேசக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடியே காதை வெளியே வைத்திருந்தேன். லைசென்ஸ் இல்லாதவனுக்கு மதிய உணவு அறிவிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஸ்கூட்டராகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியா ஒண்ணு. உங்களுக்கு அழைப்பு உண்டா, தம்பி?"

கடைசி ஸ்கூட்டரும் கேட்டைத் தாண்டியது.

"இல்லீங்க ஐயா. இன்னும் யாரும் சாப்பிடக் கூப்பிடல" என்றேன்.

அவர் கேட்டது தேவனுடைய அழைப்பு என்பது, சொல்லி முடித்த பிறகே மண்டையில் ஏறியது. என்ன சொன்னான் என்று தாயி கேட்டார். பிரசங்கத்தை மூன்று வாக்கியமாக்கிய மூப்பர், இதை மட்டும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

சமாளிக்கப் பார்த்தேன். சமாளிக்கச் சமாளிக்க உண்மை வெளியே வந்தது. சனிக்கிழமைகள், பால் பாக்கெட், வாட்ச்மேன், எல்லாம். தாயிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை போலிருக்கிறது. பையிலிருந்து டப்பாவை எடுத்து என் முன் தள்ளி, "ஆதி ஜேவ், பாளா" என்றார். முதலில் சாப்பிடு என்று அர்த்தம். சப்பாத்தியும் வெண்டைக்காயும். சோதிக்க வந்த மூன்று பேர் பார்க்கச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொன்னேன். அந்த வெண்டைக்காயில் காரமே இல்லை.

பசியில் பேசியதைக் குறிப்பில் எழுதப் போவதில்லை என்றார் போதகர். விண்ணப்பப் படிவத்தைக் கையில் கொடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று நானே ஒரு மாதம் யோசிக்கச் சொன்னார்.

அந்த மாதம் முழுக்கப் படிவம் என் அறையில் மேஜை மேல் கிடந்தது. எதற்காகப் பிரசங்கிக்க விரும்புகிறீர் என்று கேட்டு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். எத்தனையோ எழுதி அடித்தேன். அன்றைக்கு நாற்பது பேர் நாற்பத்தைந்து நிமிடம் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அப்படி யாரும் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அதற்காக என் பிரசங்கத்தைக் கேட்கச் சபை ஒன்றும் கடன்பட்டிருக்கவில்லை. சபைக்கு ஆள் தேவை என்பதும் உண்மை; அந்தத் தேவையை என் தனிமைக்குச் சாக்காக்கியதுதான் கூச்சமாக இருந்தது.

படிவத்தை வெறுமையாகவே மூப்பர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சோடோ தம்பி, விடுங்க. நீங்க எப்பவும் அவசரமா கிளம்பற மாதிரியே கேட் பக்கத்துல நிப்பீங்க. வீட்ல யாரோ காத்திருக்காங்கன்னு நாங்க நெனச்சுட்டோம்."

அன்றைக்கு அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். டீ கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு என்னை அவர் ஸ்கூட்டரிலேயே ஏற்றிச் சாப்பிடக் கூட்டிப் போனார்.

இன்றும் எங்கள் சபையில் அச்சடித்த பிரசங்கம்தான். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வரவேற்பில் மூப்பர் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைத் தமிழிலும் இந்தியிலும் சொன்னார். அன்றிலிருந்து என் கைப்பேசி அடித்தால், "சாப்பிடத்தான் கூப்பிடுறாங்க போல, எடுங்க" என்பாள் மனைவி. பெரும்பாலும் ராங் நம்பர்தான். ஆனாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.